குழந்தைக்கு இதய ஆபரேஷன் நடக்கும்போது மூளையை யார் கவனிக்கிறார்கள்? பெற்றோர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

குழந்தைகளின் இதய ஆபரேஷனில் மயக்க மருந்து கொடுப்பது என் வேலை. ஒப்புதல் படிவத்தை நீட்டும்போது பெற்றோரிடமிருந்து வரும் முதல் கேள்வி எப்போதும் உயிரைப் பற்றியது. அதற்குப் பதில் கிடைத்த பிறகு, கையெழுத்துப் போட்டுப் பேனாவைத் திருப்பிக் கொடுக்கும் நேரத்தில், குரலைத் தாழ்த்திக்கொண்டு இரண்டாவது கேள்வி வரும்: "மூளைக்கு ஒண்ணும் ஆகாதே டாக்டர்?" வராந்தாவில் நின்றபடி இரண்டு நிமிடத்தில் இதற்குப் பதில் சொல்லிவிட முடியாது. அதனால் இங்கே கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன். உங்கள் குழந்தையை நேரில் பார்க்கும் டாக்டரின் பேச்சுக்கு இது மாற்று இல்லை. அவரிடம் தெளிவாகக் கேட்க இது உதவினால் போதும்.

ஆபரேஷன் நெஞ்சில்தானே நடக்கிறது? மூளைக்கு ஏன் பயப்பட வேண்டும்?

மூளைக்குச் சேமிப்புப் பழக்கம் கிடையாது. கால் தசைக்குக் கொஞ்ச நேரம் ரத்தம் போகாவிட்டால் மரத்துப்போகும், பிறகு தேறிவிடும். மூளைக்கு, சாதாரண உடல் வெப்பத்தில், நாலைந்து நிமிடம் ரத்தம் நின்றாலே பாதிப்பு தொடங்கிவிடும். பெரியவர்களுக்கு மூளை உடல் எடையில் சுமார் 2 சதவீதம். பிறந்த குழந்தைக்கு அப்படியில்லை. 3 கிலோ குழந்தையின் மூளை ஏறத்தாழ 350 கிராம் இருக்கும். உடம்பில் பத்தில் ஒரு பங்குக்கும் மேல்.

ஆபரேஷனின்போது இதயத்தை நிறுத்தி, அதன் வேலையை ஒரு மெஷினிடம் ஒப்படைக்கிறோம். அந்த நேரத்தில் மூளைக்குப் போகும் ரத்தம் குறையலாம். போன ரத்தம் திரும்பி இறங்க முடியாமல் தலையிலேயே தேங்கலாம். காற்றுக் குமிழியோ உறைந்த ரத்தக் கட்டியோ மேலே ஏறலாம். குளிர்ந்த மூளையை அவசரப்பட்டுச் சூடாக்கினாலும் கெடுதல்தான். இதில் எதுவும் குழந்தையைப் பார்த்தால் தெரியாது. அது ஆழ்ந்த மயக்கத்தில், துணிகளுக்கு அடியில் இருக்கிறது. "கை காலை அசை" என்று சொல்லிப் பார்க்க முடியாது. அதனால்தான் கருவிகள்.

ஆபரேஷனுக்கு முன்பே மூளையில் ஏதாவது இருக்க வாய்ப்பு உண்டா?

உண்டு. பெற்றோருக்கு அநேகமாக யாரும் சொல்லாத விஷயம் இது.

பிறவி இதயக் கோளாறு நூற்றில் ஏறக்குறைய ஒரு குழந்தைக்கு இருக்கிறது. அவற்றில் பெரும்பாலானவை சிறிய ஓட்டைகள். அந்தக் குழந்தைகளுக்கு இந்தப் பதில் அவ்வளவாகப் பொருந்தாது. பெரிய ரத்தக்குழாய்கள் இரண்டும் இடம் மாறி முளைத்திருப்பது, இதயத்தின் இடது பக்கம் வளராமலே போவது போன்ற கடுமையான கோளாறுகளில் கருவிலிருக்கும்போதே மூளைக்குப் போகும் ரத்தமும் அதிலுள்ள ஆக்சிஜனும் குறைந்துவிடுகின்றன. 2007இலும் அதற்குப் பிறகும் வந்த எம்.ஆர்.ஐ. ஆய்வுகள், மாதம் நிறைந்து பிறந்த இத்தகைய குழந்தைகளின் மூளை சுமார் ஒரு மாதம் பின்தங்கிய வளர்ச்சியில் இருப்பதைக் காட்டின. கத்தி படுவதற்கு முன்பே அவர்களில் ஐந்தில் ஒருவர் முதல் மூன்றில் ஒருவர் வரை மூளையின் வெள்ளைப் பகுதியில் சிறு காயமோ சின்ன பக்கவாதத் தடமோ இருந்தது. குறைமாதக் குழந்தைகளிடம் காணப்படும் அதே வகைக் காயம்.

கர்ப்ப காலத்தில் நீங்கள் சாப்பிட்டதாலோ சாப்பிடாததாலோ வந்ததல்ல இது. இதை இங்கே சொல்வதற்கு ஒரு காரணம் இருக்கிறது. பின்னால் குழந்தை பேசத் தாமதமானால், எல்லாப் பழியையும் ஆபரேஷன் நடந்த அந்த நாலு மணி நேரத்தின் மேல் போட்டுவிடத் தோன்றும். கதை அதற்கு வெகு முன்பே தொடங்கியிருக்கலாம்.

பைபாஸ் மெஷின் என்கிறார்களே, அது மூளைக்கு ரத்தம் அனுப்புமா?

அனுப்பும். இதயத்துக்கு வரும் ரத்தத்தைக் குழாய் வழியாக வெளியே எடுத்து, ஆக்சிஜன் ஏற்றி, உடம்புக்கெல்லாம் ரத்தம் கொண்டுபோகும் பெருந்தமனிக்குத் திருப்பி அனுப்புவதுதான் அதன் வேலை. ஜான் கிப்பன் என்ற அமெரிக்க அறுவை மருத்துவர் 1953 மே 6 அன்று 18 வயதுப் பெண் ஒருவரின் இதய ஓட்டையை இந்த மெஷினை வைத்து வெற்றிகரமாக மூடினார். அதுதான் தொடக்கம்.

குழந்தைகளில் சிக்கல் அளவில் வருகிறது. பிறந்த குழந்தைக்குக் கிலோவுக்குச் சுமார் 85 மில்லி ரத்தம். 3 கிலோ குழந்தைக்கு மொத்தமே 255 மில்லி, ஒரு பெரிய டம்ளர் அளவு. மெஷினின் குழாய்களை நிரப்பவே கிட்டத்தட்ட அதே அளவு திரவம் தேவைப்படலாம். வெறும் உப்புத் திரவத்தால் நிரப்பினால் குழந்தையின் ரத்தம் பாதியாக நீர்த்துவிடும். ஆக்சிஜனைச் சுமக்கும் சிவப்பணுக்கள் குறைந்துவிடும். அதனால் தானம் பெற்ற ரத்தத்தைக் கலக்கிறோம். பாஸ்டனில் நடந்த ஒரு ஆய்வில் ரத்தத்தில் சிவப்பணுக்களின் பங்கை 20 சதவீதத்தில் வைத்த குழந்தைகள், 30 சதவீதத்தில் வைத்த குழந்தைகளைவிட ஒரு வயதில் உடல் இயக்கச் சோதனையில் பின்தங்கினார்கள். அந்த முடிவு வந்த பிறகு ரத்தத்தை அதிகமாக நீர்க்கவிடும் பழக்கம் குறைந்தது. "இவ்வளவு சின்னக் குழந்தைக்கு ஏன் இத்தனை யூனிட் ரத்தம் கேட்கிறார்கள்?" என்று ஆச்சரியப்படுபவர்களுக்கும் இதுதான் பதில்.

குழந்தையை ஏன் குளிர வைக்கிறார்கள்?

குளிர்ந்த மூளை குறைவாகச் செலவழிக்கும். உடல் வெப்பம் ஒரு டிகிரி செல்சியஸ் இறங்கினால் மூளையின் ஆக்சிஜன் தேவை ஏறத்தாழ 6 முதல் 7 சதவீதம் குறைகிறது. அதனால் மெஷின் கொஞ்ச நேரம் தடுமாறினாலும் மூளை தாங்கும். மெஷின் பரவலாவதற்கு முன்னமே இந்த உபாயம் வந்துவிட்டது. 1952இல் மினசோட்டா பல்கலைக்கழகத்தில் ஜான் லூயிஸ் என்ற அறுவை மருத்துவர் ஐந்து வயதுச் சிறுமி ஒருத்தியைக் குளிரவைத்து, ரத்த ஓட்டத்தைச் சில நிமிடங்கள் நிறுத்தி, இதய ஓட்டையைத் தைத்தார். பைபாஸ் மெஷின் எதையும் அவர் பயன்படுத்தவில்லை.

இன்று எளிய ஆபரேஷன்களில் 32 டிகிரி வாக்கில் வைப்பார்கள், சில இடங்களில் குளிர வைப்பதே இல்லை. பெருந்தமனியின் வளைவைத் திருத்தும் ஆபரேஷன் போன்றவற்றில், அந்த வளைவிலிருந்துதான் மூளைக்கான குழாய்களே கிளம்புகின்றன என்பதால், 18 முதல் 20 டிகிரி வரை இறக்கி ரத்த ஓட்டத்தை அடியோடு நிறுத்த வேண்டியிருக்கலாம். அப்போது இதயத்தில் ரத்தமே இருக்காது, மெஷினும் நின்றிருக்கும். திரையில் எல்லாக் கோடுகளும் நேர்கோடு. முதல்முறை பார்க்கும் பயிற்சி மருத்துவர்களின் முகம் வெளுத்துப்போவதைப் பார்த்திருக்கிறேன். (எனக்கும் அப்படித்தான் இருந்தது.)

ரத்த ஓட்டத்தை நிறுத்தினால் எவ்வளவு நேரம் பாதுகாப்பு?

பாஸ்டனில் 1988 முதல் 1992 வரை, ரத்தக்குழாய்கள் இடம் மாறிப் பிறந்த 171 குழந்தைகளை இரண்டு குழுக்களாகப் பிரித்து ஆபரேஷன் செய்தார்கள். ஒரு குழுவுக்கு ரத்த ஓட்டம் முழு நிறுத்தம், இன்னொன்றுக்குக் குறைந்த வேகத்தில் ஓட்டம். ஒரு வயதில் முதல் குழுவின் உடல் இயக்கம் பின்தங்கியிருந்தது. எட்டு வயதில் பார்த்தபோது ஏறக்குறைய 40 நிமிடம் வரை நிறுத்தியவர்களிடம் பெரிய வேறுபாடு இல்லை. அதைத் தாண்டத் தாண்ட மதிப்பெண்கள் இறங்கின. ஆனால் 39ஆவது நிமிடம் பத்திரம், 42ஆவது நிமிடம் ஆபத்து என்று இதைப் படிக்கக் கூடாது. குழந்தைக்குக் குழந்தை மாறும். ஆபரேஷன் தியேட்டரில் ஒருவர் கடிகாரத்தைப் பார்த்து "பத்து நிமிடம்", "இருபது நிமிடம்" என்று சத்தமாகச் சொல்லிக்கொண்டே இருப்பார்; அறுவை மருத்துவர் தலை நிமிராமல் தைத்துக்கொண்டிருப்பார்.

இந்த ஆபத்தைக் குறைக்க இப்போது பல மையங்களில் இன்னொரு வழி உண்டு. வலது பக்கமாக மூளைக்குப் போகும் குழாயில் மட்டும் மெஷினின் ரத்தத்தைத் தொடர்ந்து அனுப்பிக்கொண்டே மற்ற இடத்தில் வேலை பார்ப்பது. கேட்டவுடன் "இதுதானே சரி?" என்று தோன்றும். நடைமுறையில், முழு நிறுத்தம் குறுகிய நேரம்தான் என்றால் இரண்டு முறைகளுக்கும் இடையே பின்னாளைய வளர்ச்சியில் தெளிவான வித்தியாசம் நிரூபணமாகவில்லை. உங்கள் அறுவை மருத்துவர் எதில் தேர்ந்தவரோ அதில் செய்யட்டும் என்பது என் கருத்து.

குளிர வைப்பதிலும் ஆபத்து இருக்கிறதா?

வேகத்தில் இருக்கிறது. உடம்பின் மேல்பக்கம் குளிர்ந்து மூளையின் ஆழம் சூடாகவே இருந்தால் பயனில்லை. அதனால் ஆழமாகக் குளிர வைக்கும்போது 20 நிமிடமாவது எடுத்துக்கொள்வோம். ரத்தத்தில் கார்பன் டை ஆக்சைடைக் கொஞ்சம் கூட்டி மூளையின் ரத்தக்குழாய்களை விரியவிடுவதும், தலையைச் சுற்றி ஐஸ் பைகள் வைப்பதும் இதற்காகத்தான். மூக்கின் உட்புறத்தில் ஒரு வெப்பமானி, ஆசனவாயிலோ சிறுநீர்ப்பையிலோ இன்னொன்று. இரண்டும் ஒத்துப்போக வேண்டும்.

எனக்கு அதிகக் கவலை திரும்பச் சூடாக்கும் நேரத்தில்தான். ஆபரேஷன் முடிந்துவிட்டது, எல்லோருக்கும் தோள் வலிக்கிறது, சீக்கிரம் முடிக்கத் தோன்றும். அப்போது சூடான ரத்தத்தை வேகமாக அனுப்பினால் மூளை முதலில் சூடாகி, தேவைக்கு மேல் ஆக்சிஜன் கேட்கத் தொடங்கிவிடும். மெஷினிலிருந்து கிளம்பும் ரத்தம் 37 டிகிரியைத் தாண்டக் கூடாது. ரத்தத்துக்கும் உடம்புக்கும் உள்ள வித்தியாசம் 10 டிகிரிக்குள் இருக்க வேண்டும். வெளியே காத்திருக்கும் உங்களுக்கு "தையல் முடிந்தது" என்ற செய்தி வந்து, அப்புறம் ஒரு மணி நேரம் எந்தச் சேதியும் இல்லையே என்று பதறும் அந்த நேரத்தில் பெரும்பாலும் நடந்துகொண்டிருப்பது இதுதான்.

நெற்றியில் ஒட்டும் ஸ்டிக்கர் எதற்கு?

இருட்டில் டார்ச் விளக்கை உள்ளங்கைக்குப் பின்னால் பிடித்தால் விரல்கள் சிவப்பாக ஒளிரும். சிவப்பு ஒளியும் அதற்கு அப்பாலுள்ள அகச்சிவப்பு ஒளியும் சதையையும் எலும்பையும் ஓரளவு ஊடுருவும் என்பதற்கு அதுவே சாட்சி. நெற்றியில் ஒட்டும் பட்டை அத்தகைய ஒளியை மண்டையோட்டுக்குள் அனுப்பி, திரும்பி வருவதை அளக்கிறது. ஆக்சிஜன் ஏறிய ரத்தம் ஒரு விதமாகவும் ஆக்சிஜன் இழந்த ரத்தம் வேறு விதமாகவும் ஒளியை விழுங்கும். அந்த வித்தியாசத்திலிருந்து ஒரு சதவீதம் கணக்கிடப்படுகிறது. 1977இல் ஃபிரான்ஸ் யோப்சிஸ் என்ற விஞ்ஞானி இதைச் செய்ய முடியும் என்று காட்டினார். ஆபரேஷன் தியேட்டரில் இதை "நிர்ஸ்" என்று சுருக்கமாகச் சொல்வோம்.

விரலில் மாட்டும் ஆக்சிஜன் கிளிப் இருக்கும்போது இது எதற்கு என்று கேட்பார்கள். கிளிப் நாடித் துடிப்பை நம்பி வேலை செய்கிறது. பைபாஸ் மெஷினில் ரத்தம் பெரும்பாலும் துடிப்பில்லாமல், குழாய்த் தண்ணீர் மாதிரி சீராக ஓடும். அங்கே கிளிப் குருடாகிவிடும். இன்னொன்று, கிளிப் காட்டுவது உறுப்புகளுக்குப் போகும் ரத்தத்தை. நெற்றிப் பட்டை பார்ப்பது பெரும்பாலும் மூளை பயன்படுத்திய பிறகு மிஞ்சியிருக்கும் ரத்தத்தை. வீட்டுக்கு எவ்வளவு சம்பளம் வந்தது என்பதல்ல, மாதக் கடைசியில் கையில் எவ்வளவு மிச்சம் என்பது போல.

நடப்பதைச் சொன்னால் புரியும். நெஞ்சைத் திறந்தாயிற்று, குழாய்களைப் பொருத்தியாயிற்று, மெஷின் ஓடத் தொடங்கிவிட்டது. திரையில் 66 என்றிருந்த எண் 61 ஆகிறது, 57, 52. ரத்த அழுத்தம் நன்றாகத்தான் இருக்கிறது. நான் முதலில் தலை ஒரு பக்கம் அழுந்தித் திரும்பியிருக்கிறதா என்று பார்ப்பேன். மெஷினை இயக்குபவரிடம் ஓட்டம் எவ்வளவு, ஆக்சிஜன் சரியாக ஏறுகிறதா, கார்பன் டை ஆக்சைடு இறங்கிவிட்டதா என்று கேட்பேன். அப்புறம் துணியைத் தூக்கிக் குழந்தையின் முகத்தைப் பார்ப்பேன். இமைகள் லேசாக உப்பி, உதடு கருநீலமாக இருக்கிறது. உச்சிக்குழியில் விரல் வைத்தால் மெத்தென்று இல்லாமல் விம்மியிருக்கிறது. விஷயம் பிடிபட்டுவிட்டது: தலையிலிருந்து ரத்தம் இறங்கும் பெரிய சிரையில் வைத்த குழாய் எங்கோ முட்டிக்கொண்டு வடிகாலை அடைக்கிறது. "மேல் குழாயைப் பாருங்கள்" என்கிறேன். அறுவை மருத்துவர் அதை அரை சென்டிமீட்டர் பின்னுக்கு இழுக்கிறார். 54, 59, 65. மொத்தம் ஒரு நிமிடம்கூட ஆகியிருக்காது. அந்த எண் இல்லாதிருந்தால் இமை வீங்கியதை ஆபரேஷன் முடிந்த பிறகுதான் கவனித்திருப்போம்.

அந்த எண் எவ்வளவு இருந்தால் நல்லது?

ஒரே பதில் கிடையாது. நீலம் பாயாத குழந்தைக்கு 70 வாக்கில் இருக்கும்; இதயக் கோளாறால் ரத்தத்தில் ஆக்சிஜன் குறைந்து உதடும் நகமும் நீலம் பாயும் 'நீலக் குழந்தை'க்கு 50 என்பதே அதன் வழக்கமான அளவாக இருக்கலாம். ஆகவே மயக்கம் கொடுப்பதற்கு முன்பே ஒட்டி, குழந்தையின் சொந்த அளவைக் குறித்துக்கொள்கிறோம். அதிலிருந்து 20 சதவீதம் இறங்கினால் காரணம் தேடத் தொடங்க வேண்டும் என்பது பொதுவான வழக்கம். அடுத்த கட்டிலில் இருக்கும் குழந்தையின் எண்ணோடு ஒப்பிட்டுப் பார்க்காதீர்கள். கருவி தயாரித்த நிறுவனம் மாறினால்கூட எண் மாறும். மஞ்சள் காமாலை இருந்தால் குறைத்துக் காட்டும்.

எண் கூடினாலும் சந்தோஷப்பட்டுவிட முடியாது. மூளை குளிர்ந்து தூங்கும்போது அது ஆக்சிஜனை எடுக்காது, எண் 90ஐத் தொடும். அடிபட்டு வேலை செய்யாத மூளையும் எடுக்காது.

எண் கடைசி வரை நன்றாக இருந்தது என்றால் மூளைக்கு ஒன்றும் ஆகவில்லை என்று அர்த்தமா?

இல்லை. பட்டை பார்ப்பது நெற்றிக்குப் பின்னால் இரண்டு மூன்று சென்டிமீட்டர் ஆழம்தான். பின்மூளையில் ஒரு சிறு ரத்தக் கட்டி போய் அடைத்தால் அதற்குத் தெரியவே தெரியாது. இந்தக் கருவியை வைத்தால் பின்னாளில் குழந்தையின் அறிவு வளர்ச்சி கூடும் என்பதற்கு வலுவான ஆதாரமும் இதுவரை இல்லை. அப்படியானால் ஏன் ஒட்டுகிறீர்கள் என்று ஒரு தந்தை கேட்டார். நியாயமான கேள்வி. புகை எச்சரிக்கை மணி தீயை அணைக்காது. மணி அடித்ததும் யார் எழுந்து ஓடுகிறார்கள் என்பதைப் பொறுத்தது எல்லாம். கருவி இருந்தும் திரையை யாரும் பார்க்காத இடத்தைவிட, கருவி குறைவாக இருந்து ஆட்கள் விழிப்பாக இருக்கும் இடத்தையே நான் தேர்ந்தெடுப்பேன்.

வேறு என்னென்ன கருவிகள் இருக்கின்றன?

உச்சிக்குழி வழியாகவோ பொட்டுப் பக்கமாகவோ ஒலி அலை அனுப்பி மூளைக் குழாயில் ரத்தம் ஓடும் வேகத்தைக் கேட்கும் டாப்ளர் ஒன்று. குமிழிகள் போனால் அதில் 'டிக்' என்று ஒலிக்கும். குட்டிக் குழந்தையின் தலையில் அதை அசையாமல் பிடித்து வைப்பது பெரிய பாடு என்பதால் எல்லா இடத்திலும் வழக்கத்தில் இல்லை. இ.இ.ஜி. மூளையின் மின் அலைகளைக் காட்டும். ஆழமாகக் குளிர வைக்கும்போது அலைகள் அடங்கி நேர்கோடாவதைப் பார்த்து மூளை ஓய்வெடுத்துவிட்டது என்று தெரிந்துகொள்ளலாம். மயக்கத்தின் ஆழத்தை ஒரே எண்ணாகக் காட்டும் கருவிகள் பெரியவர்களை வைத்து உருவாக்கப்பட்டவை. கைக்குழந்தைகளில் எனக்கு அவற்றின் மேல் நம்பிக்கை குறைவு. இவற்றோடு ரத்த அழுத்தம், வெப்பம், ரத்தத்தில் ஆக்சிஜன், கார்பன் டை ஆக்சைடு அளவை அறிய அவ்வப்போது எடுக்கும் ரத்த வாயுச் சோதனை, சர்க்கரை. பழைய விஷயங்கள்தான், ஆனால் இவை சரியில்லை என்றால் புதுக் கருவியால் பயனில்லை.

காற்றுக் குமிழி மூளைக்குப் போய்விடும் என்று படித்தேன். உண்மையா?

போகக்கூடும். இதயத்தைத் திறந்தால் உள்ளே காற்று நுழையத்தான் செய்யும். மூடுவதற்கு முன் அறைகளை ரத்தத்தால் நிரப்பிக் குமிழிகளை வெளியேற்றுவார்கள், தலையைத் தாழ்த்துவார்கள், உணவுக்குழாய் வழியாக வைத்த எக்கோ (ஒலி அலையால் இதயத்தைப் பார்க்கும்) கருவியில் மிச்சமிருக்கும் குமிழிகள் வெள்ளைப் புள்ளிகளாகப் பறப்பதைப் பார்த்துக்கொண்டிருப்போம். பல இடங்களில் நெஞ்சுக் குழிக்குள் கார்பன் டை ஆக்சைடு வாயுவைப் பரவ விடுவார்கள். குமிழி சிக்கினாலும் அந்த வாயு ரத்தத்தில் சீக்கிரம் கரைந்துவிடும். மெஷினின் குழாயிலும் வடிகட்டி இருக்கிறது.

மயக்க மருந்தே மூளையைக் கெடுக்கும் என்கிறார்களே?

என் வேலையைப் பற்றிய கேள்வி என்பதால் சுற்றி வளைக்காமல் சொல்கிறேன். குட்டி விலங்குகளில் நீண்ட நேர மயக்கம் மூளைச் செல்களைப் பாதிப்பது ஆய்வகங்களில் தெரிந்தது. 2016 டிசம்பரில் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு, மூன்று வயதுக்கு உட்பட்டவர்களுக்கு மூன்று மணி நேரத்துக்கு மேல் அல்லது பலமுறை மயக்கம் கொடுப்பது குறித்து எச்சரித்தது. 2019இல் வெளியான, பல நாடுகளில் நடந்த ஆய்வு ஒன்று, கைக்குழந்தையில் ஒரு மணி நேரத்துக்கும் குறைவாக ஒரு முறை மயக்கம் பெற்றவர்கள் ஐந்து வயதில் மற்றவர்களைப் போலவே இருந்ததைக் காட்டியது. இதய ஆபரேஷன் ஒரு மணி நேரத்தில் முடியாது என்பது உண்மை. ஆனால் ஆக்சிஜன் குறைந்த ரத்தத்தோடு மாதக்கணக்கில் காத்திருப்பதும் மூளைக்குக் கெடுதல்தான். தள்ளிப்போடக்கூடிய ஆபரேஷனா இல்லையா என்பதை இதய மருத்துவர் சொல்லட்டும். மயக்கத்துக்குப் பயந்து நீங்களாகத் தள்ளிப்போடாதீர்கள்.

மூளையைக் காக்க மருந்து ஏதாவது உண்டா?

நிரூபணமான மருந்து இல்லை. பலவற்றை முயன்று பார்த்திருக்கிறார்கள்.

ஐ.சி.யூ.வில் குழந்தையைப் போர்த்தாமல் வைத்திருக்கிறார்களே, குளிராதா?

இதைப் பார்த்துச் சண்டைக்கே போன பாட்டிகள் உண்டு. ஒரு டிகிரி இறங்கினால் மூளையின் தேவை குறையும் என்றேன் அல்லவா, ஏறினால் அதே கணக்கில் கூடும். அடிபட்ட மூளைக்குக் காய்ச்சல் எதிரி. அதனால் முதல் இரண்டு நாள் 37ஐத் தாண்டாமல் பார்த்துக்கொள்வார்கள். வென்டிலேட்டரில் மூச்சை வேகமாக விடாததற்கும் காரணம் உண்டு: கார்பன் டை ஆக்சைடு அதிகமாக வெளியேறினால் மூளையின் ரத்தக்குழாய்கள் சுருங்கிவிடும். நெற்றிப் பட்டையைக் கழற்றாமல் வைத்திருப்பது, ரத்த அழுத்தமும் சர்க்கரையும் விழாமல் பார்ப்பது எல்லாம் அதே வரிசை. மூளைக்கு ஆபத்தான நேரம் நெஞ்சைத் தைத்ததோடு முடிவதில்லை.

ஆபரேஷனுக்குப் பிறகு வலிப்பு வருமா?

பிறந்து சில வாரங்களே ஆன குழந்தைகளில் பத்தில் ஒருவருக்கு என்ற அளவில் வரக்கூடும், பெரும்பாலும் முதல் 48 மணி நேரத்தில். இதில் தந்திரமான விஷயம், பெரும்பாலான வலிப்புகள் கண்ணுக்குத் தெரியாது. கை கால் இழுக்காது. குழந்தை மயக்க மருந்தில் அமைதியாகக் கிடப்பது போலவே இருக்கும், இ.இ.ஜி.யில் மட்டும் அலைகள் தாறுமாறாக ஓடும். அதனால் பிறந்த குழந்தைகளுக்கு பைபாஸ் ஆபரேஷனுக்குப் பின் தொடர்ந்து இ.இ.ஜி. பார்ப்பது நல்லது என்று மூளை மின் ஆய்வு நிபுணர்களின் அமைப்புகள் பரிந்துரைக்கின்றன. எல்லா மருத்துவமனைகளிலும் அந்த வசதி இல்லை. வசதி இல்லையென்றால் கண்காணிப்பது நர்ஸின் கண்தான்: ஒரே பக்கமாகப் போகும் கருவிழி, உதட்டைச் சப்புவது, காரணமில்லாமல் திடீரென ஏறி இறங்கும் நாடித் துடிப்பு. மருந்தைக் குறைத்த பிறகும் ஒரு கை மட்டும் அசையாமல் கிடப்பதை முதலில் கவனிப்பது அநேகமாக அம்மாதான். கவனித்தால் தயங்காமல் உடனே சொல்லுங்கள்.

எல்லாக் குழந்தைக்கும் தலை ஸ்கேன் எடுக்க வேண்டுமா?

வேண்டாம். உச்சிக்குழி திறந்திருக்கும் குழந்தைக்கு அதன் வழியாக அல்ட்ராசவுண்ட் செய்வது எளிது, கட்டிலிலேயே முடித்துவிடலாம். எம்.ஆர்.ஐ. தேவை என்றால் அதற்கான காரணத்தை டாக்டர் சொல்வார்.

வீட்டுக்கு வந்த பிறகு குழந்தை மற்றவர்கள் போல வளருமா?

பெரும்பாலானவர்கள் பள்ளிக்குப் போகிறார்கள், படிக்கிறார்கள். ரத்தக்குழாய்கள் இடம் மாறிப் பிறந்த அந்த 171 பேரின் பாஸ்டன் ஆய்வில், குழந்தைகளை 16 வயது வரை தொடர்ந்து பார்த்தார்கள். சராசரி அறிவுத்திறன் மற்றவர்களுக்கு அருகிலேயே இருந்தது. ஆனால் பாதிக்கும் மேற்பட்டவர்களுக்குப் படிப்பிலோ நடத்தையிலோ எப்போதாவது கூடுதல் உதவி தேவைப்பட்டிருந்தது. பெரிய ஊனம் அரிது. வருவது சின்னச் சின்னத் தடங்கல்கள்: தவழத் தாமதம், சொற்கள் பிந்தி வருவது, பட்டன் போடத் தெரியாதது, கணக்கில் மூன்று படிகளை மனதில் வைத்துக்கொள்ள முடியாமல் போவது, ஓரிடத்தில் உட்கார முடியாதது. இதய டாக்டர் எக்கோவைப் பார்த்து "அருமையாக இருக்கிறது" என்று அனுப்பிவிடுவார். பட்டனைப் பற்றி அங்கே யாரும் கேட்பதில்லை.

அமெரிக்க இதயச் சங்கம் 2012இல் வெளியிட்ட வழிகாட்டலில், கைக்குழந்தையாக இருக்கும்போதே திறந்த இதய ஆபரேஷன் ஆனவர்களையும் நீலக் குழந்தைகளையும் 12 முதல் 24 மாதத்துக்குள் ஒருமுறை, 3 முதல் 5 வயதுக்குள் ஒருமுறை, 11 அல்லது 12 வயதில் ஒருமுறை முறையாக வளர்ச்சிச் சோதனை செய்யச் சொன்னது. "ஆம்பளைப் பிள்ளை, பேச்சு லேட்டாத்தான் வரும்" என்று சொந்தக்காரர்கள் சொல்லும் ஆறுதலை நம்பி ஒரு வருடத்தை இழக்க வேண்டாம். பேச்சுப் பயிற்சியும் உடற்பயிற்சி சிகிச்சையும் சின்ன வயதில் எடுத்தால் பலன் அதிகம்.

ஆபரேஷனுக்கு முன் டாக்டரிடம் எதைக் கேட்கலாம்?

மெஷினின் பெயரைக் கேட்பதில் பயனில்லை. குழந்தையை எத்தனை டிகிரி வரை குளிர வைப்பீர்கள், ரத்த ஓட்டத்தை நிறுத்த வேண்டி வருமா, வந்தால் எவ்வளவு நேரம்? மூளையின் ஆக்சிஜனைத் தியேட்டரில் மட்டும் பார்ப்பீர்களா, ஐ.சி.யூ.விலும் பார்ப்பீர்களா? வலிப்பு வந்தால் எப்படிக் கண்டுபிடிப்பீர்கள்? வளர்ச்சிச் சோதனைக்கு எங்களை எங்கே அனுப்புவீர்கள்? கடைசிக் கேள்விக்குப் பதில் தடுமாறினால், அந்த ஏற்பாட்டை நீங்களே தேடிக்கொள்ள வேண்டியிருக்கும் என்று இப்போதே குறித்து வையுங்கள்.

குழந்தையின் நெற்றியில் சிவப்பாகச் சதுரமாக ஒரு தடம் இருக்கிறதே, சூடு பட்டதா?

பட்டை ஒட்டியிருந்த இடம். பெரும்பாலும் ஓரிரு நாளில் மறைந்துவிடும். கொப்புளம் கட்டினாலோ தோல் உரிந்தாலோ நர்ஸிடம் காட்டுங்கள். அதுவரை அங்கே எண்ணெய் எதுவும் தடவ வேண்டாம்.